நாலு பேரும் ஒரு கொட்டாவியும்

1

இந்தக் கதை ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் பத்திரிகை ஆசிரியர் ஹரிஹரன், இது தன் போனில் பிறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் சென்னையிலிருந்து போன் செய்தது உண்மைதான்.

"ஐயா, உங்க ஊர்ப் பசங்க, அந்த வெட் ப்ளூ மியூசிக் பேண்டு, பாடறத நிறுத்தி இடைவெளி விட்டுட்டாங்களாமே. ஒரு கதை எழுதிக் குடுங்க. நாலு பசங்க, நட்பு, புகழ், பிரிவு. கொஞ்சம் தோல் வாசனை. கொஞ்சம் பிரியாணி."

"தம்பி, தோல் வாசனையப் போட்டா உங்க பத்திரிகையக் கடைக்காரன் வெளியில தொங்க விடுவான்."

"இப்பவும் வெளியிலதான் ஐயா தொங்க விடுறான்."

சரி என்றேன். ஆனால் கதை அதற்கு முன்பே என்னிடம் இருந்தது.

என் பெயர் செங்கல்வராயன். குடியாத்தத்தில் கிளம்பி மாதனூர் வழியாக ஆம்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினேன். போன தைக்குப் பிறகு கண் டாக்டர் என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார். எழுத்திலிருந்து இறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஏழு புத்தகம் எழுதியிருக்கிறேன். ஏழும் புளுகு. இந்தப் பக்கத்தில் செங்கல்வராயன் என்று சொன்னால் யாரென்று கேட்பார்கள். புளுகு டிரைவர் என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

அந்தப் பெருமையில்தான் மாதனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினத்துக்குக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். சோளிங்கர் மலைக் குரங்கு ஒன்று என் பஸ்ஸைக் காட்பாடி வரைக்கும் ஓட்டிப்போய், ரயிலைப் பார்த்ததும் இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று இறங்கிப்போன கதையைச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியைகளும் தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். சால்வையோடு வெளியே வந்தால், வராண்டாவில் ஒரு பெண் குழந்தை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"இன்னாமா, கதை கேக்க வர்லியா?"

"வெளிய நிக்க வெச்சிட்டாங்க தாத்தா."

"எதுக்கு?"

"பொய் சொன்னேனாம்."

"இன்னா பொய்?"

"வெட் ப்ளூ பாட்டுல 'போகாதே'ன்னு மேல போவும்ல, அது நவீத் இல்ல, எங்கம்மான்னு சொன்னேன்."

அந்தக் குழந்தையின் பெயர் ஜெனிஃபா. நாலாம் வகுப்பு. அவள் சொன்னது உண்மை. அது நடந்த பஸ்ஸை ஓட்டியவனே நான்தான். உடனே உள்ளே திரும்பிப் போய் அவளுடைய வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"சார், நீங்க இன்னும் கதைய முடிக்கலியா?"

ஒரே கட்டடம். உள்ளே பொய்க்குச் சால்வை, வெளியே உண்மைக்குச் சுவர். அன்றைக்கு ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பி.பி. மாத்திரை போட்டுப் பார்த்தேன். மாத்திரைக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.*

இதோ, பார்த்தீர்களா, ஒரு நட்சத்திரம். இதுதான் ஏற்பாடு. இந்தக் கதையில் நான் புளுகும் இடத்திலெல்லாம் ஒரு நட்சத்திரம் போடுவேன். பழக்கம் ஒரேயடியாக விடாது, கொஞ்சம் வரும். நட்சத்திரம் இல்லாத வாக்கியம் அத்தனையும் நடந்தவை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை நம்பச் சொல்லிக் கேட்கிறேன். எனக்காக இல்லை.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "ஆம்பூரில் நான்கு இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்களில் கனவு" — நிறுத்தினேன். ஷிப்ட் முடித்து வருகிறவன் கண்ணில் தூக்கம்தான் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "வறண்டு கிடந்த பாலாற்றின் மணலில் அந்த மாலை" — நிறுத்தினேன். ஆற்றை இழுக்கிறவனுக்கு ஆள் அகப்படவில்லை என்று அர்த்தம். எனக்கு ஆள் இருக்கிறது.

மூன்றாவது: "கம்பெனி பஸ்ஸில் பெண்கள் முன்னால் உட்காருவார்கள், ஆண்கள் பின்னால்."

இதை வைத்துக்கொள்கிறேன். அழகாக இல்லை. ஆனால் நடந்த அநியாயம் முழுக்க இந்த வாக்கியத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

3

பின் சீட்டில் நாலு பேர். பாட்டுக் கட்டுகிறவன் ரிச்சர்ட். சீட்டின் தகரத்தையே மேளமாக்கியவன் சமத். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பையன் மகேந்திரன். அவன் ஆடுவான், ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல். நாலாவது நவீத். முகம். வேறென்ன சொல்வது, பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்வார்கள், அவன் மட்டும் அழகாகச் சாய்வான்.

பெயர் வைத்தது சமத். தோலைக் குரோமில் போட்டு எடுத்தால், சாயம் ஏறுவதற்கு முன்னால் ஈரமாக, நீலமாகக் கிடக்கும். அதற்குக் கம்பெனியில் வெட் ப்ளூ என்று பேர். "நாமளும் அப்டித்தான்டா, இன்னும் கலர் ஏறல" என்றான். சென்னையில் அதைக் காதல் சோகம் என்று புரிந்துகொண்டார்கள். விட்டுவிட்டோம்.

முன் சீட்டில் பொன்மலர். ஜெனிஃபாவின் அம்மா. சின்ன வயதிலிருந்து சர்ச்சில் பாடுகிறவள். கம்பெனியில் அவள் ரிலீவர். தைக்கிற லைனில் ஒருத்தி தண்ணீர் குடிக்கவோ பாத்ரூமுக்கோ எழுந்தால் லைன் நிற்கக் கூடாது. உடனே அந்த மெஷினில் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். அவள்தான் ரிலீவர். எல்லா மெஷினும் தெரியும், எந்த மெஷினும் சொந்தமில்லை. காலையில் சூப்பர்வைசர் வந்து "லைன்ல எத்தினி பேரு?" என்று கேட்டால் ரிலீவரைச் சேர்க்காமல்தான் எண்ண வேண்டும். சேர்த்துச் சொன்னால் திட்டு விழும். இது கொடுமை என்று நான் சொல்லவில்லை. அது கணக்கு. கொடுமை பின்னால் வருகிறது.

ரிச்சர்ட் கட்டிய பாட்டு "பஞ்சிங் மெஷின்", கம்பெனி வாசலில் வரும்போதும் போகும்போதும் கார்டு தட்டுகிற மெஷின். உங்களுக்குத் தெரியும்.

*இன் போட்டு நீ போற, அவுட்டாகி நான் நிக்கிறேன்.*

(மேலே இருக்கும் நட்சத்திரங்கள் பாட்டுக்கு அலங்காரம். புளுகு இல்லை. இனிமேல் அலங்காரம் செய்ய மாட்டேன், குழப்பம்.)

கடைசியில் "போகாதே" என்று ஒரே ஒரு சொல் மேலே ஏறும். நவீதுக்கு அது எட்டவில்லை. எட்டாத இடம் வந்தபோது முன் சீட்டிலிருந்து பொன்மலர் எடுத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே. யாரோ மெஷினை விட்டு எழுந்தார்கள், போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவள் அந்த "போகாதே"யை மாதனூரில் எடுத்தால் ஆம்பூர் ரயில்வே கேட் வரைக்கும் வரும்.* கேட்காரர் ரயிலென்று நினைத்துக் கேட்டை மூடியிருக்கிறார்.*

ஒரு சாயங்காலம் பேக்கிங்கில் வேலை செய்யும் பூர்ணிமா நடு சீட்டிலிருந்து திரும்பி, பின் சீட்டைப் பார்த்து போனில் வீடியோ எடுத்தாள். ரிச்சர்ட் பாடுகிறான். சமத் தட்டுகிறான். மகேந்திரன் ஆடுகிறான். "போகாதே" வருகிற நேரம். நவீத் கண்ணை மூடி, தலையை மெதுவாகச் சாய்த்து, வாயைப் பெரிதாகத் திறக்கிறான். குரல் ஏறுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. அவன் வாயை மூடுகிறான். கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர்.

அது கொட்டாவி.

முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தவன். குரல் வந்தது பூர்ணிமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. போன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இந்தக் கதை இல்லை.

நட்சத்திரம் போட்டிருக்கிறேனா என்று மேலே போய்ப் பார்ப்பீர்கள். பாருங்கள். இல்லை.

4

வளர்ச்சியை எழுத எனக்கு இஷ்டமில்லை. எல்லா வளர்ச்சியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த வீடியோவைத் தமிழ் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு தெரியாதவர்கள் பார்த்தார்கள். பேரணாம்பட்டில் ஓர் ஆடு பார்த்துவிட்டு மூன்று நாள் புல் தின்னவில்லை.* "அந்தப் பையன் கண்ணீர் விட்டுப் பாடுறான்யா" என்று ஒரு பெரிய மனிதர் பேட்டியில் சொன்னார். கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் வரும் என்பது பெரிய மனிதர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. அவர்கள் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

சென்னையில் ஓர் இசை நிறுவனம் கூப்பிட்டது. நாலு பேரும் போனார்கள். பொன்மலரும் லீவு போட்டுவிட்டுப் போனாள். மதியம் ஆம்பூர் பிரியாணி என்று ஒன்றைக் கொடுத்தார்களாம். அதில் உருளைக்கிழங்கு இருந்ததாம். சமத் எழுந்து வெளியே போய்விட்டான். (ஹரிஹரன் தம்பி, பிரியாணி வந்துவிட்டது. இதற்குமேல் கேட்காதீர்கள்.)

அங்கேதான் அது நடந்தது. நிறுவனத்தின் மேனேஜர் பேப்பரையும் பேனாவையும் வைத்துக்கொண்டு கேட்டார்:

"மொத்தம் எத்தனை பேரு?"

பையன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். பதில் சொன்னது பொன்மலர்.

"நாலு பேரு சார். நான் ரிலீவர்."

பழக்கம். காலையில் சூப்பர்வைசர் கேட்கிற அதே கேள்வி, அவள் வாயில் வருகிற அதே பதில். மேனேஜர் நாலு என்று எழுதினார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அவர்களுடைய பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடி அறைக்குள் போய் "போகாதே" பாடினாள். பாட்டு வெளியானபோது பாடியவர்கள் என்று நாலு பேர் இருந்தார்கள்.

உலகத்தில் வேறு எந்த ஊர் இசைக்குழுவும் இந்தத் தவறைச் செய்திருக்காது. எங்கள் ஊரில் அதைத் தவறென்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது.

கச்சேரிகள் தொடங்கின. மேடையில் நாலு பேர். திரைக்குப் பின்னால் ஒரு மைக்கோடு பொன்மலர். "போகாதே" வரும்போது நவீத் அந்தக் கொட்டாவியை விட வேண்டும். அதற்கென்று தனி விளக்கு. பாவம், ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்து அவனுக்கு நிஜக் கொட்டாவியே வராமல் போனது.* கோயம்புத்தூரில் ஒரு மைதானம் முழுக்க இருந்த பெண்கள் அவனோடு சேர்ந்து கொட்டாவி விட்டதில் காற்று கம்மியாகி நாலு பேர் மயங்கி விழுந்தார்கள்.*

(எனக்கே தெரிகிறது, இந்தப் பகுதியில் நட்சத்திரம் ஜாஸ்தி. புகழைப் பற்றி எழுதினால் பொய் தானாக வருகிறது. பொன்மலரைப் பற்றி எழுதும்போது, அந்த ரயில்வே கேட்டைத் தவிர, வரவில்லை. கவனித்துப் பாருங்கள்.)

5

குழந்தையை வராண்டாவில் நிறுத்திய மறுநாள் பொன்மலர் பையன்களைத் தேடிப் போனாள். ரிச்சர்ட் வீட்டு மாடியில் ஒத்திகை. நானும் போனேன். கோபம் வந்தால் எனக்கு மாடிப்படி ஏற முடிகிறது.

"டேய், எனக்கு மேடை வாணாம். போட்டோ வாணாம்" என்றாள். "வேலூர் புரோகிராம்ல ஒரே ஒரு தபா மைக்குல என் பேரச் சொல்லுங்க. இந்தக் கொரலு பொன்மலரோடதுன்னு. அது போதும். என் பொண்ணு கிளாஸ்க்குள்ள உக்காரணும்."

நவீத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, அன்னிக்கு நீதானே நாலுன்னு சொன்ன."

"லைன்ல கேட்டா நாலுன்னுதான்டா சொல்லணும்."

"அந்தாளு லைனையா கேட்டாரு?"

"எனக்கு இன்னாடா தெரியும், பேனாவ வெச்சிக்கினு எத்தினி பேருன்னு கேட்டா? உங்க நாலு பேருக்கும் வாய் இருந்திச்சில்ல?"

சமத் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டினான், தட்டக் கூடாதென்று நிறுத்தினான்.

"வாய் இருந்திச்சிக்கா" என்றான் மகேந்திரன். "அன்னிக்கு அது பிரியாணி பத்திப் பேசிக்கினு இருந்திச்சி."

அவள் சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் சிரித்தாள்.

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார்கள், எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இதமாகப் பேசினார்.

"தம்பி, இது பாய் பேண்டு. கூட்டம் வர்றதே நவீதோட அந்த ஹை நோட்டுக்குத்தான். லேடீஸ் வாய்ஸ்னு சொன்னா பொண்ணுங்க மனசு உடைஞ்சிடும். அந்தம்மா தாராளமா வரட்டும், பாடட்டும். நல்லாத்தான் பாடுறாங்க. பேரு மட்டும் வேணாம்."

"அவங்க பொண்ண ஸ்கூல்ல பொய் சொன்னான்னு வெளிய நிறுத்திட்டாங்க சார்" என்றான் ரிச்சர்ட்.

"ஐயோ பாவம். ஒரு சாக்லேட் பாக்ஸ் அனுப்பி வைக்கிறேன்."

அனுப்பினார். ஜெனிஃபா பிரிக்கவில்லை. எனக்குக் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை. அலமாரியில் இருக்கிறது, இந்தக் கதை எழுதும் நேரமெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு.

6

(இடையில் ஹரிஹரன் போன் செய்தார். அதுவரைக்கும் எழுதியதை அனுப்பியிருந்தேன், என் புத்தி.)

"ஐயா, அருமை. அந்தக் கொட்டாவி சீன் அருமை. ஒரே ஒரு சின்ன விஷயம்."

"சொல்லுங்க தம்பி."

"நான் கேட்டது நாலு பசங்க கதை. அந்தம்மா வந்ததும் கதை வேற பக்கம் போய்டுது. வாசகருக்குக் குழப்பம். பேசாம அந்தக் குரலையும் நவீதுக்கே குடுத்துடலாமே? அந்தம்மா பின்னணியில இருக்கட்டும். பேரு வேணாம். 'பஸ்ஸில் ஒரு பெண்'னு போட்டா போதும்."

அலமாரியில் இருந்த சாக்லேட் பெட்டியைப் பார்த்தேன்.

"தம்பி, நீங்க சாக்லேட் ஏதாவது அனுப்புவீங்களா?"

"புரியலை ஐயா."

"அஞ்சாவது பகுதியத் திரும்பப் படிங்க" என்று வைத்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. மேனேஜரும் கெட்டவர் இல்லை. வகுப்பு ஆசிரியை, பாவம், நல்லவர். பேஜாராக இருக்கிறது. இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒருத்தியின் பெயரைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள், யார் கையிலும் கறை இல்லை. கெட்டவன் ஒருத்தன் இருந்தால் கதை எவ்வளவு சுலபமாக இருக்கும். ஒருத்தனை உண்டாக்கலாமா என்று யோசித்தேன். மீசை வரைக்கும் வந்தான். அனுப்பிவிட்டேன்.

7

வேலூர். கோட்டைக்கு எதிரே மைதானம். கூட்டம் கோட்டை அகழியையும் தாண்டி நின்றது.*

பையன்கள் மாடியில் வைத்தே முடிவு செய்திருந்தார்கள். பெயரை மைக்கில் சொன்னால் மேனேஜர் உடனே மைக்கை நிறுத்திவிடுவார். அதனால் சொல்லப் போவதில்லை. காட்டப் போகிறார்கள். யோசனை நவீதுடையது. பொன்மலர் எட்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஜெனிஃபாவை முன் வரிசையில், என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். குழந்தை என் சால்வையின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

"பஞ்சிங் மெஷின்" வந்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். "போகாதே" வருகிற இடம். நவீத் மேல் தனி விளக்கு விழுந்தது.

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

குரல் ஏறியது.

வாயை மூடியபடியே அவன் கையைத் திரைப் பக்கம் நீட்டினான். மற்ற மூன்று பேரும் திரும்பி அந்தப் பக்கம் நீட்டினார்கள். ஜெனிஃபா எழுந்து நாற்காலி மேல் நின்றாள்.

இதற்குமேல் நான் எழுத நினைத்த வாக்கியம் இது: "மைதானமே ஒரு கணம் மூச்சை" — இல்லை. அது நடக்கவில்லை. நடந்தது வேறு. பின்னாலிருந்து ஒரு தோஸ்த் கத்தினான்.

"டேய், ரெக்கார்டு போட்டு ஏமாத்துறானுங்கடா."

அவ்வளவுதான். மைதானம் முழுக்க "ரெக்கார்டு, ரெக்கார்டு." தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. வாயை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொய்யன் என்றார்கள். ஒரு வருடம் கொட்டாவி விட்டபோது கண்ணீர் விட்ட அதே ஜனங்கள்.

பொன்மலர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் மைக். விளக்கில் கண் கூசியது. ரெக்கார்டு இல்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள்.

அதே நேரம் மேனேஜர் மைக்கை நிறுத்தினார்.

முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. ஜெனிஃபாவுக்குக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் கண்டதெல்லாம், மேடையில் யாரோ ஓர் அம்மா, கண்ணை மூடி, வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"தோ, அந்தம்மா கொட்டாவி வுடுது பாரு."

சிரிப்பு அங்கிருந்து கிளம்பியது. முன் வரிசை வரைக்கும் வந்தது. அதை எத்தனையோ பேர் போனில் எடுத்தார்கள். இந்தத் தடவை போன்கள் சரியான பக்கம்தான் திரும்பியிருந்தன. "மேடையில் கொட்டாவி விட்ட ஆன்ட்டி" என்று தேடினால் இப்போதும் வருகிறது. தேடாதீர்கள்.

ஜெனிஃபா நாற்காலியிலிருந்து தானாகவே இறங்கினாள். என் சால்வையை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்தாள்.

8

மறுநாள் நிறுவனம் அறிவித்தது: கருத்து வேறுபாடு காரணமாக வெட் ப்ளூ காலவரையற்ற இடைவெளியில் செல்கிறது.

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் வழக்குப் போட வேண்டும். கருத்து வேறுபாடாம். அந்த நாலு பேருக்கும் ஒரே கருத்துதான். அஞ்சு பேரென்று போட்டால் பாடுகிறோம், இல்லாவிட்டால் பாடவில்லை. தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நவீதை மட்டும் தனியாகப் பாட வைக்கிறோம் என்றார்கள். அவன், "சார், எனக்கு அந்த நோட்டு வராது. எனக்கு வர்றது கொட்டாவி ஒண்ணுதான்" என்றானாம். அடக்கம் என்று நினைத்துப் பாராட்டினார்களாம்.

பத்திரிகைகளில் சண்டை என்று எழுதினார்கள். பெண் விவகாரம் என்று எழுதினார்கள். ஒரு வகையில் அது சரிதான், அவர்கள் நினைத்த வகையில் இல்லை.

நாலு பேரும் கம்பெனிக்குத் திரும்பினார்கள். அதே பஸ், அதே பின் சீட்டு. ஒப்பந்தப்படி வேறு எங்கும் பாடக் கூடாது. மேடை, கல்யாணம், கோயில், சர்ச், தர்கா, எல்லாம் பட்டியல் போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸை மட்டும் போட மறந்துவிட்டார்கள். ஆனாலும் யாரும் பாடவில்லை. பொன்மலர் முன் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லைனில் யாராவது எழுந்தால் போய் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஜெனிஃபா இப்போது உள்ளேதான் உட்காருகிறாள். அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். "இனிமே பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியையிடம் சொன்னாளாம். அந்த வார்த்தையைத்தான் பொன்மலரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, சிரிச்சாங்கன்னுகூட வருத்தம் இல்ல. என் பொண்ணு பொய் சொன்னேன்னு ஒத்துக்கினு வந்துட்டா பாரு."

9

முடிவுகள். ஹரிஹரன் மூன்று அனுப்பியிருக்கிறார். ஐந்தாவது பகுதியைத் திரும்பப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மூன்றிலும் பொன்மலர் இருக்கிறாள், பெயரோடு.

ஒன்று: பெரிய இசையமைப்பாளர் ஒருவரின் கார் மாதனூரில் பஞ்சராகிறது. சர்ச்சிலிருந்து ஒரு குரல்.*

இரண்டு: மேனேஜர் மனம் திருந்துகிறார்.*

மூன்று: ஆண்டு விழாவில் ஆசிரியை ஜெனிஃபாவை மேடைக்கு அழைத்து மன்னிப்பு.*

மூன்றுமே நன்றாக இருக்கின்றன. என் ஏழு புத்தகத்தில் எதில் வேண்டுமானாலும் போடலாம். இங்கே போட மாட்டேன். பொன்மலர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வைக்க எனக்குக் கை வரவில்லை.

10

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போதும் நான் அந்த பஸ்ஸில் போவேன். புது டிரைவர் நல்ல பையன், இன்ஜின் பானட் மேல் உட்கார இடம் கொடுப்பான். கம்பெனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. மாதனூர் நெருங்கும்போது பின் சீட்டிலிருந்து தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. சமத். வேலூருக்குப் பிறகு முதல் தடவை. ரிச்சர்ட் முனகினான். பிறகு குரல் எடுத்தான். முன் சீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பஸ் மாதனூரில் நின்றது. நிறுத்தத்தில், வேலூர் போகும் டவுன் பஸ்ஸுக்காக ஜெனிஃபாவின் வகுப்பு ஆசிரியை குடையோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, தினமும் நிற்பதுபோல அம்மாவுக்காக ஜெனிஃபா. ஆசிரியைக்குப் பாட்டு காதில் விழுந்தது. தலையைத் தூக்கி, அந்தப் பிரபலமான பையன்கள்தானா என்று பின் ஜன்னலைப் பார்த்தார். மைக் இல்லை. மேனேஜர் இல்லை. நிறுத்த யாரும் இல்லை.

பொன்மலர் இறங்க எழுந்திருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே.

"போகாதே" வருகிற இடம் வந்தது. பின் ஜன்னலில் நவீத், எல்லாரும் பார்க்கும்படி, வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

பொன்மலர் ஆசிரியையைப் பார்த்தாள். ஜெனிஃபாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அது

(நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றேதான்.)

பாட்டு என்று எழுதினால், கிழவன் தொடங்கிவிட்டான் என்று நீங்களே ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்வீர்கள். கொட்டாவி என்று எழுதினால் உடனே நம்புவீர்கள், வேலூரில் நம்பியதுபோல. என்ன நடந்ததென்று எனக்குத் தெரியும். பானட் மேல் உட்கார்ந்து பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

இந்தக் கதையை முதலில் சொன்னவள் ஜெனிஃபா. வராண்டாவில் சுவரைப் பார்த்துக்கொண்டே, ஒரே வாக்கியத்தில், முழுசாகச் சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் எழுதியதெல்லாம் வெறும் சாட்சி. அவளை நம்புகிறவர்கள் மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பாதவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.* அந்த வராண்டாவில் இப்போது இடம் காலியாகத்தான் இருக்கிறது. போய்ச் சுவரைப் பார்த்து நில்லுங்கள்.